இயற்கை மரணம் அல்ல

2019 மார்ச் 9, சனிக்கிழமை மாலை. அன்றைக்கு ஒரு பொழுது இந்தியக் கால்பந்தின் தலைநகரம் கோயமுத்தூர். சிரிக்காதீர்கள், பதிவேட்டில் இருக்கிறது. நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக்கின் கடைசி நாள் ஆட்டம். சென்னை சிட்டி எஃப்.சி. ஜெயித்தால் கோப்பை இங்கே. சறுக்கினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு மோதிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் அதைக் கொல்கத்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆட்டம் சூடாவதற்கு முன்பே எதிரணியான மினர்வா பஞ்சாப் ஒரு கோலைப் போட்டு, ஊரின் வயிற்றில் புளியைக் கரைத்தது. இடைவேளைக்குப் பிறகு உருகுவேக்காரர் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் கௌரவ் போரா, தடுப்பதற்கென்று சம்பளம் வாங்கும் மனுஷன், முன்னால் போய் இரண்டு கோல் போட்டார். மூன்றுக்கு ஒன்று. 20 ஆட்டத்தில் 43 புள்ளி. 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

மூன்று வருஷம் முழுசாக ஓடவில்லை. 2021-22 ஐ-லீக் பட்டியலில் அந்தச் சாம்பியனின் பெயரே இல்லை.

ஒரு தேசிய சாம்பியன் ஊரைவிட்டுக் காணாமல் போனதற்குக் கோயமுத்தூரில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. கடையடைப்பு இல்லை, கண்டன போஸ்டர் இல்லை, உண்ணாவிரதப் பந்தல் இல்லை. பேக்கரியில் டீ இரண்டு ரூபாய் ஏறினால் ஒரு வாரத்துக்கு ஓடும் விவாதத்தில் கால்வாசிகூட இந்தச் சாவுக்குக் கிடைக்கவில்லை. யாரையாவது பிடித்துக் கேட்டால், கொங்குச் சீமைக்கே உரிய மரியாதையோடு பதில் வரும்: "ஏனுங், அது சென்னை டீமுதானுங்களே? நமக்கென்னங் போச்சு?"

நியாயம்தான். பெயர் சென்னை. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். 21 கோல் போட்டு, லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் பட்டத்தைப் பங்குபோட்ட மான்சி உருகுவே. 2019 ஜனவரியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல். சிங்கப்பூரிலிருந்து வந்தான், உருகுவேயிலிருந்து வந்தான், சுவிஸ்காரன் பணத்தோடு வந்தான். அவிநாசி ரோட்டிலிருந்து மட்டும் ஆள் வரவில்லை. பம்புசெட்டைப் பாதி உலகத்துக்கு விற்கும் ஊர். நூல் நூற்று, கிரைண்டர் செய்து, வார்ப்படம் வார்த்து, கோடியைக் கோடியாக எண்ணத் தெரிந்த ஊர். கல்யாண மண்டபத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எத்தனை வகை இனிப்பு என்பதில் போட்டி போடும் ஊர். சொந்த மைதானத்தில் ஒரு அணி இந்தியாவை ஜெயித்தபோது, "அந்தப் பேரை மாத்திக் கோவைன்னு வெச்சுக்கலாங், பாதிச் செலவு நம்முளுது" என்று ஒரு பெரிய மனுஷன் கிளம்பியதாகச் சேதி வரவில்லை. பெயர் நம்முடையது இல்லை என்று குறைப்படுகிறோம். ஊர்ப்பெயரை இனாமாகவா எழுதுவார்கள்?

இதே ஊர்தான் தன்னைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பலகை வைத்துக்கொள்கிறது. பலகையைக் கழற்றிவிடுவது உத்தமம். மான்செஸ்டரில் நியூட்டன் ஹீத் என்ற பகுதியின் ரயில்வே தொழிலாளிகள் 1878-ல் ஒரு அணி தொடங்கினார்கள். அதுதான் பின்னால் மான்செஸ்டர் யுனைடெட். மேற்கு கார்ட்டன் பகுதியில் ஒரு தேவாலயத்துக்காரர்கள் 1880-ல் இன்னொன்று தொடங்கினார்கள். அது மான்செஸ்டர் சிட்டி. பஞ்சாலைகள் மூடிப் போயின, புகைபோக்கிகள் சாய்ந்தன, ஊரின் பருத்தி சாம்ராஜ்யம் மண்ணோடு மண்ணானது. பந்து போகவில்லை. இன்று உலகத்தில் மான்செஸ்டர் என்றால் எவனுக்கும் நூல் ஞாபகம் வருவதில்லை.

நாம் அந்தப் பாதி வேலையைத்தான் ஒழுங்காகக் காப்பியடித்தோம்: ஆலைகளை மூடுவது. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லும், பங்கஜா, ரங்கவிலாஸ், கம்போடியா, முருகன் என்று தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கையிலிருந்த மற்ற ஆலைகளும் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. நின்றவை நின்றவையே. சட்டப்படி மூடவும் இல்லை, ஓட்டவும் இல்லை. தொழிலாளி அரைச் சம்பளத்துக்காக வாசலில் காத்துக் கிடந்தான். அதே மாதத்தில்தான் ஆசிய கிளப்புகளின் ஏ.எஃப்.சி. கோப்பைப் போட்டியில் நமது சாம்பியனின் பயணமும் நின்றது; கொரோனா வந்து அந்தப் போட்டியையே ரத்து செய்தார்கள். ஆலைக்கு நடந்ததும் அணிக்கு நடந்ததும் ஒரே வைத்தியம். கொல்வதில்லை. மூச்சை மட்டும் நிறுத்தி, "பரிசீலனையில் இருக்கிறது" என்று கழுத்தில் ஒரு அட்டை தொங்கவிடுவது.

இந்த வித்தை தெரியாத அசட்டு மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டாக் ஃபீல்டு கதையைக் கேளுங்கள். 1893-ல் உண்டான கல்லூரி மைதானம். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அவர்கள் ஊர்க் கால்பந்து. அலோன்சோ ஸ்டாக் என்பவர் 1892 முதல் 1932 வரை, நாற்பது வருஷம், பயிற்சியாளராக இருந்து அந்த அணியை வளர்த்தார். மைதானத்துக்கே அவர் பெயர் வந்தது. கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை 1935-ல் முதன்முதலாக வாங்கியவர் ஜே பெர்வாங்கர், அந்த மைதானத்துப் பிள்ளை. நாலே வருஷத்தில் தலைகீழ். 1939-ல் மிச்சிகனிடம் 85-0 என்று உதை வாங்கினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், பந்தாட்டம் படிப்புக்குத் தொல்லை என்ற கட்சிக்காரர். அந்த ஆண்டு டிசம்பரிலேயே கால்பந்தை மூடிவிட்டார்.

காலியான கேலரி சும்மா நிற்கவில்லை. மேற்குக் கேலரிக்கு அடியில் ஸ்குவாஷ் ஆடும் அறை ஒன்று இருந்தது. அதில் என்ரிகோ ஃபெர்மி கிராஃபைட் கட்டிகளை அடுக்கி, 1942 டிசம்பர் 2 பிற்பகல், மனிதன் உண்டாக்கிய முதல் அணுத் தொடர்வினையை ஓட்டிக் காட்டினார். ஜன நெருக்கமான நகரத்தின் நடுவில், பார்வையாளர் பெஞ்சுக்குக் கீழே! அதன் பலன் மூன்று வருஷத்துக்குள் நாகசாகியில் விழுந்தது. அதற்கு நான் கைதட்டப் போவதில்லை. 1957-ல் கேலரியை இடித்தார்கள். 1970-ல் அந்த இடத்தில் ரெகன்ஸ்டைன் நூலகம் எழுந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1969-ல், பல்கலைக்கழகம் கால்பந்தை வேறு மைதானத்தில் சின்ன அளவில் மறுபடி தொடங்கியிருந்தது.

ஹட்சின்ஸ் செய்தது சரியா, தப்பா? இன்றைக்கும் ஒருவன் எழுந்து அவரைத் திட்டலாம். திட்டுவதற்கு ஆள் இருக்கிறார், பெயர் இருக்கிறது, மாதமும் வருஷமும் இருக்கின்றன, "ஆமாம், நான்தான் மூடினேன்" என்ற நெஞ்சழுத்தம் இருக்கிறது. கோயமுத்தூரில் யாரைத் திட்டுவது? மாநகராட்சியைக் கேட்டால் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தைக் கைகாட்டும். ஆணையத்தைக் கேட்டால், "நாங்க மைதானந்தானுங் பார்த்துக்கறோம், டீமு தனியாருது." தனியாரைக் கேட்டால் கால்பந்துக் கூட்டமைப்பு. கூட்டமைப்பைக் கேட்டால் லைசென்ஸ் விதி. விதியை எழுதியவன் ஆசியத் தலைமையகத்தைக் காட்டுவான். எல்லாருக்கும் பொதுவாகக் கொரோனா. இவ்வளவு பேர் சுற்றி நின்ற இடத்தில் ஒரு உயிர் போயிருக்கிறது. யார் கையிலும் ரத்தம் இல்லை. கையெழுத்துப் போடாமல் கொல்லும் இந்தக் கலைக்கு ஒரு பத்ம விருது உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

சரி, நமது ஸ்டேடியத்தைக் கொஞ்சம் சுற்றி வருவோம். 1970களின் தொடக்கத்திலிருந்து நிற்கும் கட்டடம். முப்பதாயிரம் பேர் உட்காரலாம் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் வெளியூர்க்காரர் ஒருவரை ரோட்டிலிருந்து காட்டினால், அது ஸ்டேடியம் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். வட்டமாகக் கடைகள். கேலரியின் முதுகில் ஷட்டர். பெயர்ப்பலகைக்கு மேல் பெயர்ப்பலகை. முகவரியே 'நேரு ஸ்டேடியம் காம்ப்ளெக்ஸ்' என்றுதான் விசிட்டிங் கார்டில் அச்சாகிறது. வெளிவட்டம் மாநகராட்சியின் வாடகைக் கடை, உள்வட்டம் விளையாட்டுத் துறையின் புல். ஷட்டருக்கு இந்தப்பக்கம் வியாபாரம், அந்தப்பக்கம் வியர்வை. வியாபாரத்துக்கு மாதா மாதம் ரசீது உண்டு. வியர்வைக்கு ரசீது கிடையாது. ஒரு நகராட்சி மூளை எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

கடை வைத்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நம்மிடம் பங்கு வாங்க வந்த பாசல்காரனே வைத்திருக்கிறான். 2001-ல் திறந்த அவனுடைய செயின்ட் யாக்கப் பார்க் ஸ்டேடியத்தோடு சேர்த்து ஷாப்பிங் சென்டர் உண்டு. முதியோர் குடியிருப்பே உண்டு. தாத்தாக்கள் கேலரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். ஆனால் நடுவில் பந்து உருண்டுகொண்டே இருக்கிறது. நமக்குக் கடை தெரிந்தது, நடு தெரியவில்லை. கொங்கு நாட்டில் ஒரு துண்டு நிலத்தைப் பார்த்தால் முதலில் கேட்பது, "சென்ட்டு என்ன ரேட்டுங்?" இரண்டாவது, "ரோட்டு முகப்பு எத்தனை அடிங்?" மூன்றாவது கேள்வி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. புல் முளைத்த இடத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஓடட்டும் என்று விட்டுவைப்பவனை இந்தப் பக்கத்தில் பிழைக்கத் தெரியாதவன் என்பார்கள். பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

கல்லூரிகளைப் பார்த்தால் இன்னும் அழகு. ஊரைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும் கல்லூரி. அட்மிஷன் புத்தகத்தின் அட்டையில் பச்சைப் பசேல் மைதானம், நடுவில் ஒரு பையன் பந்தை எட்டி உதைக்கிறான். கால் இன்னும் காற்றில் நிற்கிறது. அப்பாவும் அம்மாவும் ஃபீஸ் கட்டிவிட்டு வெளியே வரும்போது அதே மைதானத்தில் மஞ்சள் பஸ்கள் வரிசையாக நிற்கும். அடுத்த வருஷம் ஒரு ஓரத்தில் புது பிளாக்குக்கு வானம் தோண்டுவார்கள். அதற்கடுத்த வருஷம் மறு ஓரத்தில் ஆடிட்டோரியம். பிற்பாடு மிச்சமிருப்பது ஒரு வாலிபால் நெட்டும், அதில் காயப்போட்ட ஹாஸ்டல் துண்டும். அட்டைப் பையனின் கால் மட்டும் ஒவ்வொரு வருஷமும் காற்றிலேயே நிற்கிறது; இறங்க இடமில்லை, பாவம். சிகாகோவில் மைதானத்தை மூடியபோது படிப்புக்காக என்று ஒரு சாக்காவது சொன்னார்கள். இங்கே மூடியது பஸ்ஸுக்காக.

ஆனால் எல்லாப் புல்லும் காயவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஸ்ரீ ராமகிருஷ்ணா கலை அறிவியல் கல்லூரியின் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளை வளர்ப்பதைப் போலப் புல் வளர்க்கிறார்கள். தமிழ்நாடு பிரீமியர் லீக் அங்கே நடக்கிறது, ரஞ்சிக் கோப்பை நடக்கிறது. பிரீமியர் லீக்கின் 2022 இறுதியாட்டம் அங்கே மழையில் நின்று, லைக்கா கோவை கிங்ஸ் கோப்பையைச் சேப்பாக்கம் அணியோடு பங்குபோட்டுக்கொண்டது. அடுத்த வருஷம் தனியாகவே தூக்கியது. சந்தோஷம். ஆக, இந்த ஊருக்குப் புல் வளர்க்கத் தெரியும், கூட்டம் சேர்க்கத் தெரியும், அணிக்குத் தன் பெயரை வைக்கவும் தெரியும். பந்து கொஞ்சம் சின்னதாகவும் கெட்டியாகவும் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரத்தில் கோவைக்கு ஒரு சர்வதேச கிரிக்கெட் ஸ்டேடியம் என்று முதலமைச்சரே வாக்குக் கொடுத்தார். ஒண்டிப்புதூரில் திறந்தவெளிச் சிறை நிலத்தில் இடம் பார்த்தார்கள். வரட்டும். 2010 உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது சொன்ன செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் வந்துவிட்டதே. மத்தியச் சிறை வளாக நிலத்தில் 45 ஏக்கர். பதினைந்து வருஷம் ஒரு வாக்குறுதிக்குப் பெரிய வயசு இல்லை. அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் மேம்பாலமும் 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரில் திறந்தாகிவிட்டது, 1,791 கோடி. கோல்டுவின்ஸில் ஏறினால் உப்பிலிபாளையத்தில் சொகமாக இறங்கலாம். இறங்கிய இடத்திலிருந்து நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம். காரில் போகிறவன் சிக்னலில் நிற்கக்கூடாது என்பதற்குப் பணம் உண்டு. ஓடத் தெரிந்த பையன் எங்கே போய் ஓடுவான் என்பதற்கு எந்த பட்ஜெட்டில் எந்தத் தலைப்பு? "விளையாட்டு வேணும்னா போன்ல விளையாடறானுங்கோ."

டில்லியையும் விட்டுவிடக்கூடாது, கோயமுத்தூர்க்காரன் மட்டும் உதை வாங்குவது தர்மமில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010 டிசம்பரில் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் கூட்டணியோடு 15 வருஷ ஒப்பந்தம் போட்டது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. சினிமா நட்சத்திரம், கிரிக்கெட் நட்சத்திரம், வாணவேடிக்கை. அன்றைக்கு நுழைவுக் கட்டணத்தை எண்ணி வைத்தால் உள்ளே இடம். தோற்றால் கீழே இறங்கவேண்டிய அவசியம் கிடையாது. உலகத்தில் பெரும்பாலான நாட்டுக் கால்பந்தில் ஏணி உண்டு; ஜெயித்தவன் ஏறுவான், தோற்றவன் இறங்குவான். இங்கே மாடியில் குடியிருப்பவனுக்கு வாடகை ஒப்பந்தம். கீழே ஐ-லீக்கில் ஆடி, ரத்தம் சுண்டி, கோவையில் ஒரு அணி நாட்டின் சாம்பியன் ஆனது 2019 மார்ச்சில். அக்டோபரில், ஏழே மாதத்தில், சூப்பர் லீக்தான் இனி முதல் வரிசை என்று சாலை வரைபடம் போட்டார்கள். ஏணியில் ஏறி உச்சிப்படியில் கால் வைத்தவனிடம், "தம்பி, இது இனிமேல் கீழ்ப்படி" என்று சொல்லிவிட்டு மேலே புதிதாக மாடி கட்டினார்கள்.

சம்பாதித்த உரிமை மிச்சம் ஒன்று இருந்தது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் முதற்கட்டத் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல்-ரிஃபாவோடு ஆடினார்கள். ஒரே ஒரு ஆட்டம், ஒரே ஒரு கோலில் தோல்வி. அதற்குள் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குக் கிளம்பிவிட்டார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று அந்த அணியில் ஆடிய தமிழ்நாட்டுப் பையன்கள் சூப்பர் லீக் கிளப்புகளுக்குப் போனார்கள், போகட்டும், பிழைக்கவேண்டும். பாசல் வந்தபோது கால்பந்துப் பள்ளி, பயிற்சிக்கூடம் என்று படித்த பேச்சுக்கள் இப்போது எந்த அலமாரியில் தூசி தின்கின்றனவோ.

பெரிய மாடிக்காரர்களின் ஒப்பந்தமும் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. அதற்கு முன்பே, ஜூலையில், அந்த சூப்பர் லீக்கே அடுத்த பருவத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது; ஆட்டக்காரன் சம்பளத்துக்குத் தவித்தான். ஏணியை உருவி மாடி கட்டியவர்களுக்கு அஸ்திவாரம் போட மறந்துவிட்டது. கோயமுத்தூரில் இதைப் படித்துவிட்டு, "பாத்தீங்களா, நாம அப்பவே விட்டது நல்லதாப் போச்சு" என்று ஒருவர் சொல்வார். அவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இறப்புச் சான்றிதழ். மாநகராட்சிக்கு அதற்கென்று கவுண்டர் இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன்படி 21 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அலைகிறேன், அந்த உத்தரவையும் வாங்கி வருகிறேன். படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டேன். இறந்தவர் பெயர்: சென்னை சிட்டி எஃப்.சி., ஐ-லீக் சாம்பியன், 2018-19. தொழில்: ஜெயித்தது. கடைசியாக வாழ்ந்த இடம்: மாநகராட்சிக் கடைகளுக்குப் பின்புறம், கோயமுத்தூர். உறவினர்: விசாரித்ததில் எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. சிகிச்சை அளித்த மருத்துவர்: பலர், அனைவரும் வேறு ஒருவரிடம் அனுப்பி வைத்தனர்.

இறப்பின் தன்மை என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'இயற்கை' என்பதில் டிக் போட்டால் இன்றைக்கே கையில் கொடுத்துவிடுவதாகக் கவுண்டரில் அன்பாகச் சொல்வார்கள் என்று தெரியும். போட மாட்டேன். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கொண்டு வாங்க என்றால், அதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லி அந்த வரிசையிலேயே நிற்பேன்.